செம்பி முட்டை போடாத சாரல்

நம் வயசுக்காரர்களில் பாதிப் பேருக்கு டாக்டர் மஞ்சள் கருவை நிறுத்திவிட்டார். மீதிப் பேர் இன்னும் டாக்டரிடம் போகவில்லை. நான் போய்விட்டேன். காலையில் அவித்த முட்டையைப் பிளந்து, மஞ்சளைத் தோண்டித் தனியே வைத்துவிட்டு, வெள்ளையை ரப்பர் மாதிரி மென்றுகொண்டிருக்கும்போது எனக்கு ஒரே ஒரு ஆள்தான் ஞாபகத்துக்கு வருவார். அவரை நினைத்துக்கொண்டுதான் மெல்லுவேன். பல்லுக்கு நல்ல பலம் கிடைக்கும்.

அவர் எனக்கு மாமா. அப்பாவின் அக்காவைக் கட்டியவர். மிலிட்டரியில் இருந்து ரிட்டயர் ஆனவர் என்பதால் எங்கள் வீட்டில் பட்டாளத்து மாமா. போன வாரம் போன் பண்ணினார். வயசு எண்பதைத் தாண்டிவிட்டது. குரல் மட்டும் இன்னும் பரேடு மைதானத்திலேயே நிற்கிறது.

"மருமவனே, சாரல் விழுதாடே?"

"விழுது மாமா" என்றேன். வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம்.

"அப்ப அடுத்த மாசம் வாரேன். பத்து நாள் இருப்பேன்."

"வாங்க மாமா, வாங்க" என்று சிரித்துக்கொண்டே சொன்னேன். போனை வைத்த பிறகுதான் கவனித்தேன், இடது கை தானாகப் போய் இடது கன்னத்தைத் தடவிக்கொண்டிருந்தது. அந்தக் கன்னத்துக்கும் அந்த மாமாவுக்கும் ஒரு வழக்கு பாக்கி இருக்கிறது. அதைத்தான் சொல்லப் போகிறேன். யார் பேரையும் எழுத மாட்டேன். எல்லோரும் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் இருக்கிறார்கள். கோழியின் பேரை மட்டும் எழுதலாம். அது குரூப்பில் இல்லை.

தென்காசியில் வீடு வைத்திருப்பவனுக்கு ஒரு தலையெழுத்து உண்டு. ஆனி பிறந்து மேற்கு மலையில் மேகம் இறங்கினால் குற்றாலத்தில் தண்ணீர் விழும். குற்றாலத்தில் தண்ணீர் விழுந்தால் நம் வீட்டில் சொந்தக்காரர்கள் விழுவார்கள். வருஷம் முழுக்க நம் வீட்டு வாசல் எந்தப் பக்கம் என்று தெரியாதவர்கள்கூட அந்த ரெண்டு மாசம் சமையற்கட்டு வரைக்கும் வந்து, "ரசம் இருக்காம்மா?" என்பார்கள். சாரல் சாரல் என்று வெளியூர்க்காரர்கள் உருகுகிறார்களே, அவர்கள் வீட்டு ஜட்டி மூணு நாள் கொடியில் கிடந்தும் காயாமல், நாலாம் நாள் அதையே போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போனதுண்டா? நான் போயிருக்கிறேன். வீடே ஈரச்சாக்கு மாதிரி நாறும். தீப்பெட்டி பற்றாது. அப்பளம் பொரித்த அஞ்சாவது நிமிஷம் துணியாகிவிடும்.

எனக்குப் பத்து வயசு இருக்கும். அந்த வருஷம் மாமா வந்தார். முட்டி வலிக்கு ஒரு மாசம் அருவித் தண்ணியில் நிற்க வேண்டும் என்று யாரோ சொல்லிவிட்டார்களாம். அத்தையை ஊரிலேயே மாடு கன்று பார்க்க விட்டுவிட்டு, பச்சைப் பெட்டி ஒன்றும் மீசை ஒன்றுமாக வந்து இறங்கினார். மீசையைத் தனியாகச் சொல்லக் காரணம் உண்டு. அது அவரோடு வந்த இன்னொரு ஆள். இரண்டு முனையிலும் மெழுகு போட்டு முறுக்கி, கொம்பு மாதிரி நிற்கும். காலையில் முதல் பஸ்ஸில் குற்றாலம் போவார். எண்ணெய் தேய்த்து மெயின் அருவியில் நின்றுவிட்டு, பத்து மணிக்குத் தலையில் ஈரத்துண்டோடு வருவார். அவர் வருவதற்குள் வீட்டில் இட்லி அவிந்திருக்க வேண்டும்.

இட்லிக்கு முன்னால் ஒரு பச்சை முட்டை. அதுதான் பட்டாளத்துப் பழக்கமாம். பனியனில் எப்போதும் ஒரு ஊக்கு குத்தியிருப்பார். அதை எடுத்து முட்டையின் மேலே ஒரு ஓட்டை, கீழே ஒரு ஓட்டை. அண்ணாந்து ஒரே இழுப்பு. கழுத்து மணி ஏறி இறங்கும். ஓடு உடையாமல் கையில் இருக்கும். நான் வாயைத் திறந்துகொண்டு பார்ப்பேன்.

அந்த முட்டையைப் போட்டவள் செம்பி.

செம்பி, அம்மாவின் தம்பி கடையத்திலிருந்து மஞ்சப்பையில் போட்டுக் கொண்டுவந்து எனக்குக் கொடுத்த குஞ்சு. செம்புக் குடத்தைப் புளி போட்டு விளக்கினால் வருமே, அந்த நிறம். இடது காலில் ஒரு விரல் இல்லை. பூனை வாங்கிக்கொண்டது. அதனால் ஒரு பக்கம் சாய்ந்து சாய்ந்து, கல்யாண வீட்டுக்குப் பந்தி முடிந்த பிறகு வந்து சேர்ந்த பெரியம்மா மாதிரி நடப்பாள். நான் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது செருப்புச் சத்தத்தை வைத்தே தெரிந்துகொண்டு சந்து முனைவரை ஓடி வருவாள். அந்த வீட்டில் வேறு யாரும் எனக்காக ஓடி வந்ததில்லை, இதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

பின்பக்கம் வெந்நீர் அடுப்பு. அதை ஒட்டி விறகு அடுக்கிய சாய்ப்பு. அதற்குள் ஒரு பழைய ஓலைக் கடகத்தில் வைக்கோல் போட்டிருப்போம். செம்பி காலையில் பத்து மணி வாக்கில் அதில் போய் உட்காருவாள். போட்டு முடித்ததும் தெருவே திரும்பிப் பார்க்கிற மாதிரி கொக்கரிப்பாள். அம்மா போய் எடுத்து அரிசிப் பானைக்குள் வைப்பாள். மாமா வந்த முதல் வாரம், ஒரு நாள் முட்டை அவருக்கு, ஒரு நாள் முட்டை எனக்கு. எனக்கு நெஞ்சுச்சளி, அதனால் அந்தப் பங்கு.

ரெண்டாவது வாரம் முட்டை நின்றுவிட்டது.

ஒரு நாள் இல்லை. மறுநாள் இல்லை. நான் பள்ளிக்கூடத்திலிருந்து வந்து கடகத்தை மூக்கு வைத்து மோந்து பார்ப்பேன். வைக்கோல் கதகதப்பாக இருக்கிற மாதிரி தோன்றும். முட்டை மட்டும் இருக்காது. அடைக்கு உட்கார்ந்தால் கோழி கடகத்தை விட்டு எழுந்திருக்காது, தொடப்போனால் சிலிர்த்துக்கொண்டு கொத்தும். இவள் அப்படியும் இல்லை. ஜாலியாக மேய்ந்துகொண்டிருந்தாள்.

"இன்னைக்கும் இல்லையாம்மா?"

"இல்லலே."

"கொக்கரிச்சாளா?"

அம்மா அம்மியை நிறுத்தாமல், "கொக்கரிச்சா" என்றாள்.

அந்த ஒரு வார்த்தையிலேயே எல்லாம் இருந்தது. முட்டை போடாத கோழி எதற்குக் கொக்கரிக்க வேண்டும்? இன்றைக்கு யாராவது எனக்கு இந்தக் கேள்வியைப் போட்டால் ரெண்டு நொடியில் விடை சொல்வேன். அன்றைக்குத் திண்ணையளவு மண்டையும் அதற்குள் கடுகளவு மூளையுமாக இருந்தேன். மாமா வேறு பக்கத்திலிருந்து, "சும்மா வெறுங்கூப்பாடும்மா. எங்க ரெஜிமெண்ட்லயும் இப்படி ரெண்டு பேரு உண்டு" என்றார். "என்னைய விடுங்க. பய நெஞ்சுச்சளிக்காரன். அவனுக்குத்தான் கஷ்டமா இருக்கு" என்றும் சொன்னார். எவ்வளவு நல்ல மனுஷன் என்று நினைத்தேன். இந்த வரியை எழுதும்போது பேனாவைக் கடித்துக்கொண்டிருக்கிறேன்.

இப்படியே ரெண்டு வாரத்துக்கு மேல் போனது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சாப்பிடுகிற இடத்தில் மாமா கோர்ட் மார்ஷல் நடத்தினார்.

"மாப்ளே" என்று அப்பாவைக் கூப்பிட்டார். "டூட்டி பாக்காதவனுக்கு ரேஷன் எதுக்கு? வார ஞாயித்துக்கெழம அந்தக் கோழிய அடிச்சிருவம். நானும் திங்கக்கெழம கெளம்புதேன். நல்லெண்ணெய் ஊத்திக் கொழம்பு வச்சா இந்தச் சாரலுக்கு எதமா இருக்கும்."

அப்பாவுக்கு அத்தான் சொன்னால் அரசாணை. "அத்தான் சொன்னா சரிதான்" என்றார்.

நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா மாமாவின் தட்டில் ரசத்தை ஊற்றிக்கொண்டே, "அண்ணன் சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றாள். அந்த நிமிஷம் அவளையும் என் எதிரிகள் பட்டியலில் ரெண்டாம் இடத்தில் சேர்த்தேன்.

ஏழு நாள். ஏழு நாளைக்குள் ஒரு முட்டை. ஒரே ஒரு முட்டை போட்டுவிட்டால் செம்பி பிழைப்பாள்.

என் பீதியை இப்போது நினைத்தால் சிரிப்பாக இருக்கிறது. கரையான் புற்றைத் தோண்டி டப்பாவில் கொண்டுவந்து கொட்டினேன். அன்றைக்கு ராஜவிருந்து சாப்பிட்டுவிட்டு என் காலிலேயே எச்சம் போட்டாள். அவளுக்கு யோசனை வரட்டும் என்று சாக்கட்டியை முட்டை மாதிரி தேய்த்துக் கடகத்தில் வைத்தேன். அதைக் கொத்திப் பார்த்துவிட்டு என்னை ஒரு மாதிரி பார்த்தாள். நெற்றி எது என்று தெரியாமல் கொண்டைக்குக் கீழே விபூதி பூசினேன். "ஏட்டி, ஒண்ணே ஒண்ணு போடுட்டி, சாவப் போறட்டி" என்று முன்னால் உட்கார்ந்து கெஞ்சினேன். அழுகையும் வந்தது. அவள் என் சட்டைப் பித்தானைக் கொத்தினாள்.

புதன்கிழமை மாமா அருவியிலிருந்து வந்து முட்டியை மடக்கி நீட்டிக் காட்டினார். "பாத்தியாடே, வலியே இல்ல. அந்தத் தண்ணியில நின்னா பட்ட மரமும் காய்க்கும்டே!"

எனக்குள் விளக்கு எரிந்தது.

எங்கள் ஊரில் தீராத எதற்கும் ஒரே மருந்து அதுதானே. கை கால் விளங்கவில்லையா, அருவி. தலைவலியா, அருவி. புத்தி தடுமாறியவரா, உச்சியில் எண்ணெய் வைத்து அருவி. மூலிகை எல்லாம் கலந்து வருகிற தண்ணி. பட்ட மரமே காய்க்கும் என்றால் செம்பி ஒரு முட்டை போட மாட்டாளா?

வியாழக்கிழமை பள்ளிக்கூடத்துக்குப் போகிற மாதிரி போய், பின்பக்கமாக வந்து, செம்பியை ஒயர்க்கூடையில் வைத்துத் துண்டால் மூடி, டவுன் பஸ் ஏறிவிட்டேன். பஸ்ஸில் அவள் ஒரு சத்தம் போடவில்லை. போட்டபோதெல்லாம் நான் இருமினேன். பக்கத்தில் இருந்தவர், "தம்பிக்கு நெஞ்சுல கோழி கட்டியிருக்கு போல" என்றார்.

குற்றாலத்தில் இறங்கியதும், இரண்டு கையிலும் எண்ணெய்க் குப்பியோடு ஆள் பிடித்துக்கொண்டிருந்த எண்ணெய் தேய்க்கிறவர் ஒருத்தர் என்னை நிறுத்தினார்.

"கூடைக்குள்ள என்னலே?"

"கோழி அண்ணாச்சி."

"அருவிக்கரையில பொங்கவா?"

"இல்ல, குளிப்பாட்ட. முட்டை போட மாட்டேங்கா."

அவர் சிரித்திருந்தால் நான் திரும்பி வந்திருப்பேன். சிரிக்கவில்லை. குத்தவைத்து உட்கார்ந்து, செம்பியின் கண்ணை விரலால் விரித்துப் பார்த்தார். "சூடு ஏறியிருக்குடே. எண்ணெய் வைக்காம எப்படிக் கொறையும்?" என்று, குப்பியிலிருந்து ரெண்டு சொட்டு எடுத்து உச்சியில் வைத்து, கழுத்து, றெக்கை, முதுகு என்று நீவிவிட்டார். செம்பி சொக்கிப்போய்க் கண்ணை மூடினாள். "மெயின் அருவிப் பக்கம் போயிராத. தண்ணி வரத்து சாஸ்தி. ஒனக்கு முந்தி ஒன் கோழி ஆத்தோட தென்காசி போய்ச் சேந்திரும். புலியருவிக்குக் கொண்டு போ."

புலியருவிக்கு நடந்தேன். அங்கே தண்ணீர் கொஞ்சமாக, பிள்ளைகள் நிற்கிற அளவுக்கு விழும். கூட்டம் இருந்தது. நான் சட்டையோடு இறங்கி, செம்பியை இரண்டு கையிலும் ஏந்தித் தண்ணீருக்கு அடியில் நீட்டினேன்.

அவள் போட்ட சத்தத்தை எழுத்தில் கொண்டுவர முடியாது. எண்ணெய்க் கோழி கையில் நிற்குமா? வழுக்கிக்கொண்டு பறந்து, குளித்துக்கொண்டிருந்த ஒரு அம்மாவின் கொண்டையில் போய் உட்கார்ந்தாள்.

"எம்மா! கொரங்கு! கொரங்கு!"

குற்றாலத்தில் தலைமேல் எது விழுந்தாலும் குரங்குதான். "கொரங்கு வந்துட்டு" என்று ஒருத்தர் கத்த, பத்துப் பேர் கத்த, சோப்பை விட்டவர், துண்டை விட்டவர், துண்டில்லாமலே கரையேறியவர் என்று அருவியே காலியாகிவிட்டது. "கொரங்கு இல்ல, கோழி! கோழி!" என்று நான் கத்தியது யார் காதிலும் விழவில்லை. செம்பி கொண்டையிலிருந்து தண்ணீரில் விழுந்து ஒரு பக்கமாக மிதந்தாள். நான் ஓவென்று அழுதேன். அந்த அம்மாதான் தன் துண்டால் அவளை அள்ளினாள்.

"ஒன் கோழியாலே? கழுத்து தொங்குதேலே பாவி!"

துண்டோடு தூக்கிக்கொண்டு ஓடினேன். முதல் கடை நேந்திரங்காய் சிப்ஸ் கடை. பெரிய சட்டியில் தேங்காயெண்ணெய் கொதித்துக்கொண்டிருந்தது. கடைக்காரர் என்னையும் கோழியையும் பார்த்துவிட்டு, "இங்கன அடுப்புப் பக்கத்துல வையி" என்றார். கொஞ்சம் யோசித்து, "ரொம்பப் பக்கத்துல வைக்காத. யாவாரம் ஆயிரும்" என்றார். அரைமணி நேரம் கழித்து செம்பி ஒரு கண்ணைத் திறந்தாள். என்னைப் பார்த்தாள். மறுபடியும் மூடிக்கொண்டாள். அதில் இருந்தது பயம் இல்லை, அவமதிப்பு.

வீட்டுக்கு வந்ததும் அம்மா விசிறிக்காம்பால் நாலு வைத்தாள். மாமா கிட்டே வந்து செம்பியை மோந்து பார்த்தார். "எண்ணெய் தேச்சாச்சு. கழுவியாச்சு. மசாலா மட்டுந்தான் பாக்கி" என்றார். மீசை சிரித்தது. அந்த மீசையை அன்றைக்குத்தான் முதல் முறையாகக் கவனித்து வைத்துக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை எனக்குக் காய்ச்சல். அந்தக் காய்ச்சல் வராவிட்டால் உண்மை எனக்குத் தெரியவே போவதில்லை. பள்ளிக்கூடம் இல்லை. பின்கட்டு அறையில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு கிடந்தேன். ஜன்னலைத் திறந்தால் விறகுச் சாய்ப்பு. பத்து மணி இருக்கும். கொக்கரித்தாளே பாருங்கள்! தெருவே கேட்கிற கொக்கரிப்பு. போட்டுவிட்டாள், அருவி வேலை செய்துவிட்டது என்று துள்ளி எழுந்து ஜன்னலைத் தள்ளினேன்.

கடகத்துக்குள் ஒரு கை இருந்தது. கைக்கு மேலே பனியன். பனியனுக்கு மேலே மீசை.

மாமா முட்டையை எடுத்துக் கன்னத்தில் வைத்துச் சூடு பார்த்தார். ஊக்கு. மேலே ஒரு ஓட்டை, கீழே ஒரு ஓட்டை. ஒரே இழுப்பு. முட்டையோட்டை நொறுக்கி வெந்நீர் அடுப்புச் சாம்பலுக்குள் தள்ளிக் கிளறிவிட்டு, உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார். "தங்கச்சி, இன்னைக்கும் ஒண்ணும் இல்லம்மா. சும்மா கத்துது."

"அப்படியா அண்ணே" என்றாள் அம்மா.

தீர்ப்புச் சொன்ன ஜட்ஜே திருடன். ரெண்டு வாரத்துக்கு மேல் தினமும் தின்றுவிட்டு, தின்ற வாயாலேயே தூக்குத் தண்டனையும் கொடுத்திருக்கிறார். அதையும் குழம்பு வைத்துத் தின்னப் போகிறார். காய்ச்சலில் பல் அடித்துக்கொண்டதா, கோபத்தில் அடித்துக்கொண்டதா தெரியவில்லை.

சாயங்காலம் அப்பா வந்ததும் சொன்னேன். மாமாவும் அங்கேதான் இருந்தார். "மாமாதான் முட்டையை எடுத்துக் குடிக்காவ. நான் பாத்தேன்."

அப்பாவின் கை என் இடது கன்னத்தில் இறங்கியது. "யாரப் பாத்து என்ன பேசுதே? காய்ச்சல்ல ஒளறுதான் அத்தான், மனசுல வச்சுக்கிடாதீங்க."

"விடு மாப்ளே. சின்னப் பய. கோழி மேல உசுரு" என்று மாமா என் தலையைத் தடவினார். அந்த விரலில் முட்டை வாடை அடித்தது. அடித்ததை வாங்கிக்கொண்டேன், அடி வாங்கிக் கொடுத்தவர் தடவியதைத்தான் தாங்க முடியவில்லை.

அம்மா நெற்றியில் ஈரத்துணியைப் போட்டாள். "பேசாமக் கெட. இன்னும் ரெண்டு நாள் இருக்குல்லா" என்றாள். கோழிக்கு இன்னும் ரெண்டு நாள் இருக்கிறதைச் சொல்லிக்காட்டுகிறாள் என்று நினைத்து, எதிரிகள் பட்டியலில் அவள் பெயருக்கு அடியில் ஒரு கோடு போட்டேன்.

எதிர்வீட்டு அக்கா கோழியை அடை வைத்திருந்தாள். பொரிக்காமல் போன கூமுட்டை மூன்றை எருக்குழியில் போட்டிருந்தாள். சனிக்கிழமை போய் அதில் ஒன்றைப் பொறுக்கிக்கொண்டு வந்தேன். காதருகே வைத்து ஆட்டினால் உள்ளே 'களக் களக்' என்றது. என் பேனா சாரல் ஈரத்தில் ஒழுகிக்கொண்டிருந்ததால் முட்டையில் என் கட்டைவிரல் நீலமாகப் பதிந்துவிட்டது. எச்சில் தொட்டு அழித்தேன். போகவில்லை. பார்த்தால் தெரியாது, தெரியாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அன்றைக்குச் சாயங்காலமே செம்பியைப் பிடித்துப் பஞ்சாரத்தைப் போட்டு மூடி, மேலே அம்மிக்குழவியை வைத்துவிட்டார்கள். ஞாயிறு காலையில் அப்பா கொத்தமல்லியும் இஞ்சியும் வாங்கக் கடைக்குப் போனார். நான் முட்டையைக் கடகத்தில் வைக்கப் போனேன். மனசுக்குள் நான் பெரிய வீரன். கைக்கு அது தெரியவில்லை. மேலாக வைத்தேன். பயமாக இருந்தது. கொஞ்சம் உள்ளே தள்ளினேன். இன்னும் பயம். கடைசியில் ஒரு சாண் ஆழத்தில், வைக்கோலுக்கு அடியில், வைத்தவனே தேடினாலும் கிடைக்காத மாதிரி புதைத்துவிட்டு ஓடிவந்து ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்தேன்.

மாமா அருவியிலிருந்து வந்தார். பழக்கம் விடுமா? நேற்று அடைப்பதற்கு முன்னால் போட்டது ஏதாவது கிடக்கும் என்று நினைத்தாரோ என்னவோ. பஞ்சாரத்துக்குள் கிடந்த செம்பியை ஒரு பார்வை பார்த்துவிட்டு, நேராகச் சாய்ப்புக்குப் போனார். கடகத்துக்குள் கையை விட்டார். முட்டையோடு கை வெளியே வந்தது. முகத்தில் என்ன சந்தோஷம்! ஊக்கு. மேலே ஓட்டை. கீழே ஓட்டையைப் போட்டுக்கொண்டே அண்ணாந்து, ஒரே இழுப்பு.

'பட்' என்று ஒரு சத்தம்.

அதற்குப் பிறகு வந்த சத்தங்கள் மனுஷ சத்தம் இல்லை. துவைகல்லைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, போன வாரம் தின்ற இட்லியைக்கூட விடாமல் திருப்பிக் கொடுத்தார். கரும்பச்சையாக ஒரு குழம்பு அந்த மீசையின் இரண்டு கொம்பிலிருந்தும் சொட்டியது. நாற்றம் என்றால், எதிர்வீட்டு அக்கா கதவைத் திறந்துகொண்டு வந்து, "செத்த எலி கெடக்கா?" என்று கேட்டாள்.

இந்த இடத்தில் நான் கைகொட்டிச் சிரித்தேன் என்று சொல்லத்தான் ஆசை. உண்மை என்னவென்றால், எனக்கு மூத்திரம் போய்விட்டது. பட்டாளத்துக்காரரைக் கொன்றுவிட்டேன், போலீஸ் வரும், கைரேகை எடுப்பார்கள், அதுவும் நீல மையில் நானே எடுத்துக் கொடுத்திருக்கிறேன். சாட்சியை அழிக்கச் சாய்ப்புக்கு ஓடினேன். ஓட்டின் துண்டு ஏதாவது கிடக்குமா என்று கடகத்துக்குள் கையை விட்டுத் துழாவினேன்.

ஒரு சாண் ஆழத்தில் என் முட்டை அப்படியே இருந்தது. நீலக் கட்டைவிரலோடு.

அப்படியென்றால் மாமா குடித்தது எது?

யோசிக்க நேரமில்லை. அப்பா இஞ்சியும் கையுமாக வந்து நின்றார். "அத்தான், என்ன ஆச்சு? கையில என்னது?"

மாமாவின் கையில் ஓடு இருந்தது. உடையாத ஓடு. மேலே ஒரு ஓட்டை, கீழே ஒரு ஓட்டை. அப்பா அந்த ஓட்டையையே பார்த்தார். பிறகு ஊக்கைப் பார்த்தார். பிறகு மெதுவாக என் கன்னத்தைப் பார்த்தார்.

"அந்தக் கோழி..." என்றார் மாமா, மூச்சு வாங்கிக்கொண்டே. "அது சீக்குக் கோழி மாப்ளே. போடுத முட்டையே அழுகிப்போயிப் போடுது. அதக் கறி வச்சிராதீங்க. தின்னா குடும்பமே போயிரும்."

ஜட்ஜே தன் வாயால் தீர்ப்பை மாற்றி எழுதினார். அம்மா அம்மிக்குழவியை நகர்த்திப் பஞ்சாரத்தைத் தூக்கினாள். செம்பி சாய்ந்து சாய்ந்து வெளியே வந்து, மாமா வாந்தி எடுத்த இடத்தில் நின்று, நிதானமாகக் கிளறிப் பார்த்தாள். அம்மா ஒரு டம்ளரில் சுக்குக் கஷாயம் கொண்டுவந்தாள். "குடிங்க அண்ணே. பச்ச முட்டை எல்லா நாளும் ஒத்துக்கிடாது" என்றாள்.

நாற்றம் மீசையை விட்டுப் போகவில்லை. சீயக்காய், சோப்பு, எலுமிச்சம்பழம், எதற்கும் மசியவில்லை. மத்தியானம் நாவிதரை வரவழைத்து வழித்துவிட்டார்கள். திங்கட்கிழமை மாமா ஊருக்குக் கிளம்பியபோது பெட்டி மட்டும்தான் கூடப் போனது. மேல் உதடு உரித்த பல்லி மாதிரி இருந்தது. குழம்புக்கு வாங்கிய இஞ்சி துவையலாயிற்று. அப்பா அன்றைக்குச் சாப்பிடும்போது தன் தட்டில் இருந்த அப்பளத்தை எடுத்து என் தட்டில் வைத்தார், அவ்வளவுதான். நமத்துப் போன அப்பளம். இருந்தாலும் தின்றேன்.

என் முட்டையை முருங்கை மரத்தடியில் புதைத்தேன். செம்பி அதன் பிறகு மூணு வருஷம் இருந்தாள். சீக்குக் கோழி என்று பேர் வாங்கியதால் எந்த விருந்தாளியும் அவள் பக்கம் திரும்பவில்லை. தன் சாவுக்குத் தீர்ப்பு எழுதியவருக்கு அவளே ஒரு அழுகின முட்டையைத் தயார் பண்ணிப் போட்டாள் என்றுதான் நான் அந்த வயசில் நம்பினேன். அந்த வயசில் என்று ஏன் பொய் சொல்ல வேண்டும்? போன வாரம் வரைக்கும் நம்பினேன். பேரப்பிள்ளைகளுக்குக் கதையாகவே சொல்லியிருக்கிறேன்.

போன வாரம் போனை வைத்துவிட்டு அம்மாவிடம் போனேன். இப்போது அவளுக்கும் எண்பது நெருங்குகிறது. டிவியில் சீரியல் ஓட, சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். மாமா வருகிறார் என்றேன். "செம்பி அன்னைக்கி மாதிரி இன்னொரு முட்டை போட்டா நல்லாருக்கும்" என்று சிரித்தேன்.

அம்மா வெங்காயத்தைக் கீழே வைத்தாள்.

"கோழி எங்கயாவது கூமுட்டை போடுமாலே? டிகிரி வேற படிச்சிருக்க."

நான் டிவி சத்தத்தைக் குறைத்தேன்.

"அவரு எடுக்கதப் பாத்த மறுநாளே, அவருக்கு முந்தி போயி ஒண்ண எடுத்து வெந்நீர் அடுப்புக்குப் பொறத்தால வச்சிட்டேன். நல்ல சூடு. ஞாயித்துக்கெழம விடியதுக்கு முந்தியே அதக் கொண்டு கடகத்துல ஓரமா, வைக்கோலப் போத்தி வச்சேன். நீ முருங்கை மரத்தடியில எதையோ பொதச்சதும் எனக்குத் தெரியும்."

"அப்ப அன்னைக்கே சொல்லியிருக்கலாம்லாம்மா! நான் கோழியக் கொண்டு அருவியில போட்டு, காய்ச்சல்ல கெடந்து, அப்பாட்ட அடி வாங்கி..."

"நீ சொன்னதுக்கு ஒனக்கு என்ன கெடச்சுது? அதுதான் எனக்கும் கெடச்சிருக்கும்" என்றாள். மறுபடியும் ஒரு வெங்காயத்தை எடுத்து உரித்தாள். "அது போக, பழுக்கணும்லா."

எதிரிகள் பட்டியலில் ரெண்டாம் இடத்தில் இருந்த பெயரை அப்போதுதான் அடித்தேன். நாற்பது வருஷத்துக்கு மேல் தாமதம்.

"எப்ப வாராரு?" என்று கேட்டாள்.

"அடுத்த மாசம் மொத வாரம்."

அம்மா விரல் விட்டு எண்ணினாள்.

"அப்ப இன்னைக்கே ஒரு முட்டை வாங்கிரு. இப்பந்தான் வெந்நீர் அடுப்பு கெடையாது. ஃப்ரிட்ஜுக்குப் பொறத்தால வையி. அங்கன நல்ல சூடு இருக்கும்."

நான் இரண்டாக வாங்கிவந்தேன். ஒன்றில் பேனாவால் நீலமாக ஒரு புள்ளி வைத்திருக்கிறேன். இந்தத் தடவை எதையும் ஆழத்தில் புதைப்பதாக இல்லை.